மறு: ஜெரோடான்டாலஜிக்கு (முதியவர்களுக்கான பல் மருத்துவம்) தமிழில் என்ன சொல்லலாம்?

> 'மூப்புப் பல்லியல்' சரியாக வருமா? பயிற்சி மாணவர்களுக்கான கையேட்டின் அட்டையில் போட வேண்டும்.

வணக்கம் டாக்டர்,

இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் படித்தவுடன் மூப்படைந்தது பல்லா, ஆளா என்று ஒரு நொடி தடுக்குகிறது. முந்தைய மடலில் வந்த 'முதுபல்லியல்' என்பதற்கும் அதே கோளாறுதான். தவிர, 'இயல்' என்றால் ஆராய்ச்சி வாடை அடிக்கிறது. உங்கள் கையேடோ நாற்காலி பக்கத்தில் நின்று செய்கிற வேலையைப் பற்றியது. 'மருத்துவம்' போதும்.

முன்பாதிக்கு அலையவே வேண்டாம். டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். அந்தத் துறைக்கு 'முதியோர் நல மருத்துவம்' என்ற பெயர் ஊன்றிவிட்டது. கிண்டியில் 2024இல் திறந்த மருத்துவமனையின் பெயரிலும் 'முதியோர் நல' இருக்கிறது. பஸ்ஸில் போகிறவருக்கே புரிகிற சொல்லை விட்டுவிட்டு 'மூப்பு' எதற்கு?

எனக்கு உறுத்துவது 'பல்'தான். நான் படித்த காலத்தில் இறுதியாண்டில் இத்தனை முழுப் பல்செட் கட்டி முடிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. பொக்கை வாயோடு ஒரு பெரியவர் வந்தால் "கேஸ் கிடைச்சிருச்சு" என்போம். அப்படி எனக்கு வாய்த்த ஒருவருக்கு மேல் செட் நிற்கவே இல்லை. அளவு தப்பென்று நினைத்து மறுபடியும் அச்செடுத்தேன். மூன்றாவது தடவை அவராகவே, "சோறு எறங்க மாட்டேங்குது தம்பி, வாய் காஞ்சு கெடக்கு" என்றார். அப்புறம்தான் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கத் தோன்றியது. இரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை இவற்றுக்கான மாத்திரைகளில் பல எச்சிலைக் குறைக்கும். எச்சில் இல்லாவிட்டால் செட் அண்ணத்தில் ஒட்டாது. தாடையைப் பார்த்தேனே தவிர, வாயைப் பார்க்கவில்லை.

அதனால் என் பரிந்துரை: முதியோர் வாய்நல மருத்துவம்.

> வாய் என்றால் பொக்கை வாய்தான் நினைவுக்கு வரும். இப்போது எழுபதிலும் பல் இருக்கிறதே?

உண்மை. ஜப்பானில் 80 வயதில் 20 பல்லாவது சொந்தமாக இருக்க வேண்டும் என்று 1989 முதலே இயக்கம் நடத்துகிறார்கள். பல் மிஞ்ச மிஞ்ச வேலையும் கூடும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். அங்கே எனாமல் கிடையாது, சுலபமாகச் சொத்தையாகும். எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் சாப்பிடுகிறவருக்குப் பல்லைப் பிடுங்கினால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போவதும் உண்டு. இவ்வளவும் இருந்தும் எம்.டி.எஸ். என்கிற பல் மருத்துவ மேற்படிப்பில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, முதியவர்களுக்கு இல்லை. சரி, அது வேறு சண்டை. பல் இருந்தாலும் அது வாய்க்குள்தானே இருக்கிறது!

ஆஸ்பத்திரி வாசல் பலகைக்கு மட்டும் 'முதியோர் பல், வாய் நலப் பிரிவு' என்று எழுதலாம். 'பல்' என்ற சொல்லைக் காணாவிட்டால் ஜனங்கள் உள்ளே வர மாட்டார்கள்.

'முதுவாய் மருத்துவம்' என்று ஓர் ஆசை வந்ததையும் சொல்லிவிடுகிறேன். சங்கப் பாடல்களில் 'முதுவாய் இரவல' என்று விளிப்பார்கள். ஆனால் அங்கே அது அறிவு முதிர்ந்தவன் என்கிற பொருளில் வருகிறது. நம் மாணவர்கள் கிழட்டு வாய் என்று படிப்பார்கள். விட்டுவிட்டேன்.

கையேட்டின் உள்ளே இரண்டு இடம். 'நாவறட்சி' என்று போட்டிருக்கிறீர்கள். அது தாகம், படிக்கிற பையன் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவான். 'வாய் உலர்வு' என்று மாற்றினால் எச்சில் குறைவு என்பது பிடிபடும். 'மூலச் சொத்தை' வேண்டவே வேண்டாம், மூலம் என்றால் வேறு வியாதி. 'வேர்ச் சொத்தை' என்றே இருக்கட்டும்.

பல்செட்டை 'செயற்கைப் பல்தொகுதி' ஆக்கியிருப்பது புத்தகத்துக்குச் சரி. ஆனால் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வருகிற பக்கத்தில் 'பல்செட்' என்றே விடுங்கள். "ராத்திரி செட்டைக் கழட்டி வைக்கிறீங்களா?" என்று கேட்டால்தான் பதில் வரும்.