கொலாஜன் தொகுதியைக் கழிப்பதா, வைத்துக்கொள்வதா? டபிள்யூஜிசிஎன்ஏ தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். டிசிஜிஏ என்ற புற்றுநோய் மரபணுப் பொதுத் தரவிலிருந்து பெருங்குடல் கட்டிகளின் ஆர்என்ஏ அளவுகளை எடுத்து, ஆர் நிரல்மொழியில் டபிள்யூஜிசிஎன்ஏ என்ற மரபணு வலைப்பின்னல் பகுப்பாய்வை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சேர்ந்து ஏறி இறங்கும் மரபணுக்களைத் தொகுதிகளாகப் பிரித்து, நோய் முற்ற முற்ற எந்தத் தொகுதி வலுக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

சிக்கல் இதுதான். நோயின் நிலையோடு ஒத்துப்போகும் ஒரே தொகுதியின் நடுவில் கோல்1ஏ2, கோல்3ஏ1, ஸ்பார்க் என்று கொலாஜனும் அதைச் சார்ந்த இணைப்புத்திசு மரபணுக்களும் சட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. பெருங்குடல் புற்றில் அடிக்கடி பிறழும் ஏபிசி, கேராஸ், டிபி53 மரபணுக்கள் எதுவும் அந்தப் பக்கமே இல்லை. பிறழ்வு வந்தாலே ஆர்என்ஏ அளவு மாறியாக வேண்டும் என்பதில்லை, அது சரி. ஆனால் கொலாஜனைச் சுரப்பவை பெரும்பாலும் கட்டியைச் சுற்றியுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட்கள், அதாவது இணைப்புத்திசு செல்கள். அப்படியென்றால் நான் அளப்பது புற்றுசெல்லின் மாற்றத்தையா, மாதிரியில் கலந்துவந்த இணைப்புத்திசுவையா?

கட்டித் தூய்மையின் (மாதிரியில் புற்றுசெல்களின் பங்கு) விளைவை லிம்மா என்ற ஆர் தொகுப்பில் முதலிலேயே கழித்துவிடலாமா? நோய் பரவுவதில் அந்தத் திசுவுக்கும் பங்கு உண்டு என்பதால் கழிக்க மனசு வரவில்லை. அப்புறம், ஸ்கேல்-ஃப்ரீ பொருத்தம் (சில மரபணுக்களுக்கு மட்டும் நிறைய இணைப்புகள் இருக்கும் வலைப்பின்னலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) 0.8-ஐத் தொடவே மாட்டேன் என்கிறது. எம்எஸ்ஐ (டிஎன்ஏ பிழைதிருத்தம் பழுதானதால் மைக்ரோசாட்டிலைட் நிலையற்ற) கட்டிகளைத் தனியாகப் பிரித்து ஓட்டினால் ஏறுமா?

8 ஜிபி லேப்டாப் என்பதால் அதிகம் மாறுபடும் 5000 மரபணுக்களை மட்டும் எடுத்திருக்கிறேன். எங்கள் லேபில் எல்லாரும் பிப்பெட் பிடிப்பவர்கள், ஆர் பற்றிக் கேட்க ஆள் இல்லை. மதுரைக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நத்தம் ரோடு கலைஞர் நூலகத்துக்கு லேப்டாப்போடு வந்துவிடுகிறேன். டீ, வடை என் செலவு.