புதுப்பிப்பு: லாரி வாடகையும் தக்காளிச் சேதமும்

முன்பு கேட்டது இதுதான்: இரண்டு கிடங்கில் தலா 10 லோடு தக்காளி, இரண்டு சந்தைக்குத் தலா 10 லோடு தேவை. வாடகையும் குறையவேண்டும், நசுங்கும் பெட்டியும் குறையவேண்டும். இரண்டையும் அவற்றின் முக்கியத்துவத்துக்கு ஏற்ற எண்ணால் (எடை) பெருக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் குறைத்துப் பார்த்தேன். எடைகளை எப்படி மாற்றிப் போட்டாலும் ஏன் இரண்டே விடை?

முதல் கிடங்கிலிருந்து முதல் சந்தைக்கு எக்ஸ் லோடு என்றால் மற்ற மூன்றும் தானாக முடிவாகிவிடும். என் கணக்கில் வாடகை 90 − 4எக்ஸ் ஆயிரம் ரூபாய், சேதம் 60 + 3எக்ஸ் பெட்டி. இரண்டும் நேர்கோடு, எடைபோட்டுக் கூட்டினாலும் நேர்கோடுதான். ஆக விடை முனைக்கே ஓடும்: 0 அல்லது 10. (வாடகைக்கு 3, சேதத்துக்கு 4 என்ற எடையில் மட்டும் எல்லாம் சமமாகிவிடும், அதுவும் உதவாது.)

சரி, அதற்குப் பதிலாக நீங்கள் சொன்ன எப்சிலான் முறை. 1971இல் ஹைம்ஸ் குழு முன்வைத்தது; ஒரு நோக்கத்தை வரம்பாக்கிவிட்டு மற்றதைக் குறைப்பது. சேதம் 80 பெட்டியைத் தாண்டக்கூடாது என்றேன். எக்ஸ் 6.67! சாதாரணப் போக்குவரத்துக் கணக்கில் இருப்பும் தேவையும் முழு எண் என்றால் முனை விடையும் முழு எண்தான். கூடுதல் வரம்பு வந்ததும் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. முழு எண் நிபந்தனையும் சேர்த்தபின் 6 லோடு, வாடகை 66,000, சேதம் 78 பெட்டி.

அப்புறம் வரம்பை 90லிருந்து 60 வரை மும்மூன்றாக இறக்கினால் 11 விடை வருகிறது. எது வேண்டும் என்பது முதலாளி பாடு.