வி. எஸ். ராமச்சந்திரன்: ஆய்வுகளில் நிலைத்தது எது?

எழில்நிலவன்:
சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, சான்டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரனைப் பற்றித் தமிழில் வருவதெல்லாம் புகழ்மாலையாகவே இருக்கிறது. நாம் அதிகம் மேற்கோள் காட்டும் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். கையை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டால், இல்லாத கையின் விரலிலும் அவர் அந்தத் தொடுதலை உணர்கிறார். மூளையில் கைக்குரிய பகுதியை அருகிலுள்ள முகப் பகுதி ஆக்கிரமித்துவிட்டதே காரணம் என்று 1992இல் அவர் குழு எழுதியது. 2025இல் நேச்சர் நியூரோசயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, மூன்று பேரின் மூளையைக் கை அகற்றுவதற்கு முன்பும் பின்பும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டது. கைக்குரிய வரைபடம் கலையவே இல்லை. உதட்டுப் பகுதி அந்த இடத்துக்குப் பரவவும் இல்லை. பாடநூல்களில் ஏறிவிட்ட விளக்கம் இது. இதைப் பேச நாம் ஏன் தயங்க வேண்டும்?

மருதம்:
பேசுங்கள், ஆனால் முழுவதையும் பேசுங்கள். நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவரின் இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி பயிற்சி செய்யச் சொல்கிறோம். சாதாரணக் கண்ணாடிதான்; மின்சாரம்கூட வேண்டாம். 1990களின் நடுவில் மாயக் கை வலிக்காக, அதாவது இழந்த கையில் உணரும் வலிக்காக, ராமச்சந்திரன் செய்த கண்ணாடிப் பெட்டியிலிருந்து வந்த முறை இது. பக்கவாத நோயாளிகளிடம் இதை முயன்ற முதல் சிறிய ஆய்வு 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அவரும் அதில் பங்கேற்றார். 2018இல், மருத்துவச் சான்றுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 62 ஆய்வுகளை, ஏறத்தாழ 2,000 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து, கை கால் இயக்கம் மேம்படுகிறது என்று சொன்னது. ஓர் ஆய்வாளரின் தாக்கத்தை இதைவிட எப்படி அளப்பீர்கள்?

எழில்நிலவன்:
பக்கவாதக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் பெட்டி செய்யப்பட்டது வலிக்காக. 2007இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த சோதனையில் கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. ஆறே பேர்! பிறகு வந்த தொகுப்பாய்வுகள், மாய உறுப்பு வலிக்கு உறுதியான சான்று போதவில்லை என்றே சொல்கின்றன.

கயல்விழி:
எனக்கு உறுத்துவது ஆட்டிசம் பற்றிய கருத்துதான். நாம் ஒரு செயலைச் செய்யும்போதும், பிறர் அதைச் செய்வதைப் பார்க்கும்போதும் தூண்டப்படும் மூளைச் செல்களைக் கண்ணாடி நியூரான்கள் என்கிறார்கள். அவற்றை முதலில் கண்டவர்கள் இத்தாலியின் பார்மா ஆய்வாளர்கள், அதுவும் குரங்குகளில். உயிரியலுக்கு டி.என்.ஏ. எதைச் செய்ததோ, உளவியலுக்கு இந்த நியூரான்கள் அதைச் செய்யும் என்று 2000இல் ராமச்சந்திரன் எழுதினார். அடுத்து, ஆட்டிசத்துக்கு இந்த நியூரான்களின் குறைபாடே அடிப்படை என்ற கருத்தை அவர் குழு முன்வைத்தது. 2005இல் மூளை அலைகளை அளந்த ஆய்வில் ஆட்டிசம் உள்ளவர்கள் பத்துப் பேர் மட்டுமே. பின்னர் அதே அளவீட்டைச் செய்த சில குழுக்களுக்கு அந்த வேறுபாடு கிடைக்கவில்லை. என் தம்பிக்கு ஆட்டிசம் இருக்கிறது. 'இவர்களுக்குப் பிறர் மனம் புரியாது, மூளையில் அந்தக் கண்ணாடி உடைந்திருக்கிறது' என்று ஒரு பயிற்சியாளர் என் அம்மாவிடம் சொன்னார். சிறிய ஆய்விலிருந்து பிறந்த பெரிய சொல் எங்கள் வீட்டு வாசல்வரை வந்து சேர்ந்தது. அந்தச் சொல்லை உலகெங்கும் பரப்பியவருக்குப் பொறுப்பில்லையா?

மருதம்:
பொறுப்பு உண்டு, தங்கையே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1992க்கு வருகிறேன். அந்த விளக்கத்தை அவர் வெறுங்கையால் முழம் போட்டு எழுதவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான், கை நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகளில் முகத்தைத் தொட்டால் கைக்குரிய மூளைப் பகுதி தூண்டப்படுகிறது என்று டிம் பான்ஸ் குழு காட்டியிருந்தது. அன்று கையிலிருந்த சான்றோடு, படுக்கையருகே நோயாளி சொன்னதைப் பொருத்திப் பார்த்தார். சோதித்துப் பொய்யாக்கக்கூடிய அளவுக்குத் தெளிவாக எழுதினார். அதனால்தான் நீங்கள் சொன்ன 2025 ஆய்வைச் செய்த குழுவின் டமார் மாக்கின் போன்றவர்களால் அதைச் சோதிக்க முடிந்தது.

எழில்நிலவன்:
தெளிவாக எழுதினார், சரி. அது பாடநூலுக்குள் போனபோது சில நோயாளிகளின் கதை பொதுவிதியாகிவிட்டதே! மாக்கின் குழுவின் முக்கியமான முடிவு 2013இலேயே வந்துவிட்டது: மாயக் கை வலி அதிகமுள்ளவர்களுக்குக் கைப்பகுதி அழியாமல், இன்னும் வலுவாகவே இயங்குகிறது. மூளை வரைபடம் மாறியதால் வலி வருகிறது, அதைக் கண்ணாடி திருத்துகிறது என்று இன்றும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நீங்களும் நோயாளிகளிடம் அப்படித்தான் சொல்கிறீர்களா?

மருதம்:
இல்லை. 'இது பலருக்கு உதவியிருக்கிறது, எப்படி உதவுகிறது என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது' என்று சொல்கிறேன். விளக்கம் தோற்றாலும் கண்ணாடியை நான் எடுத்துவைக்கப் போவதில்லை.

கயல்விழி:
எங்களிடமும் ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் போதும், அண்ணா.