தம்பி வழக்கில் வக்கீலை மாற்ற வேண்டும், என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) தர மறுக்கிறார் (சேலம்)

ஏற்காடு அக்கா:
எஸ்டேட் தகராறில் தம்பி மேல் கொலை முயற்சி வழக்கு. ஜாமீன் கிடைக்காமல் சேலம் மத்திய சிறையில் இருக்கிறான், விசாரணை செஷன்ஸ் கோர்ட்டில் நடக்கிறது. வாய்தாவுக்கு ஜூனியர்தான் வருகிறார். நேரில் பார்த்ததாகச் சொல்லும் முதல் சாட்சி வந்த அன்றும் பெரிய வக்கீல் வரவில்லை, "குறுக்கு விசாரணை இல்லை" என்று பதிவாகிவிட்டது. கேட்டால் "அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்கிறார். மீதி ஃபீஸ் கட்டினால்தான் கேஸ் கட்டும் (வழக்குக் காகிதங்கள்) என்ஓசியும் தருவாராம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

கோரிமேடு வாசி:
அந்த வழி அடைபட்டுவிட்டது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பதென்றால் சிவில் கோர்ட்தான்.

பழைய குமாஸ்தா:
அம்மா, பணத்தையும் புகாரையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அடுத்த சாட்சி கூண்டில் ஏறும் முன் புது வக்கீல் உள்ளே வர வேண்டும், அதுதான் அவசரம்.

ஃபீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது. ஆர்.டி.சக்சேனா வழக்கில் 2000லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. பாக்கி இருந்தால் அவர் தனியாக வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். கட்டைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், அப்படியும் என்ஓசி வராவிட்டால் காரணத்தை எழுதி, வக்கீலை மாற்ற அனுமதி கேட்டு அதே கோர்ட்டில் மனு போடலாம். கட்டுக்காகவும் காத்திருக்க வேண்டாம். சாட்சி வாக்குமூலங்களுக்கு நகல் மனு போட்டாலே கிடைக்கும்.

முதல் சாட்சியைத் திரும்ப அழைக்கவும் மனு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 311வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 348. ஆனால் "வக்கீலை மாற்றிவிட்டோம்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது, 2015ல் ஷிவ்குமார் யாதவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எந்தக் கேள்வி விட்டுப்போனது, அது ஏன் முக்கியம் என்று மனுவில் இருக்க வேண்டும். நாள் கடத்தினால் அதையே காரணமாகச் சொல்லித் தள்ளுபடி கேட்பார் அரசு வக்கீல்.

கன்னங்குறிச்சி ஜூனியர்:
ஒன்று சொல்ல வேண்டும். குறுக்கு விசாரணை செய்யாததெல்லாம் அலட்சியம் ஆகாது. சாட்சி நமக்குப் பாதகமாக எதுவும் சொல்லாதபோது கேள்வி கேட்டு வம்பை வாங்குவானேன் என்று விடுவதும் உண்டு. வாக்குமூலத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கோர்ட்டுகளின் இகோர்ட்ஸ் செயலியில் சிஎன்ஆர் எண்ணை (வழக்குக்கு வழக்கு தரப்படும் தனி எண்) போட்டால் வாய்தா தேதியெல்லாம் வரும்.

ஏற்காடு அக்கா:
சாட்சி தம்பி பெயரைச் சொல்லித்தான் பேசினாராம், அதனால்தான் பயம். புது வக்கீலை நியமிக்கும் வக்காலத்தில் நான் கையெழுத்துப் போட்டால் போதுமா? இன்னொரு வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் காசும் இல்லை.

பழைய குமாஸ்தா:
நீங்கள் போட்டால் செல்லாது. வழக்கு தம்பியுடையது, அவர் சிறையில் கையெழுத்திட்டு, சிறை அதிகாரி சான்று வைத்து வர வேண்டும்.

காசு இல்லையென்றால் இலவச வக்கீல் கேளுங்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் சட்டத்தின் 12வது பிரிவின்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் அந்த உரிமை உண்டு. தம்பி சிறைக் கண்காணிப்பாளர் வழியாக மனு கொடுக்கட்டும். நீங்களும் அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் போய்ப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கும் முன் இலவச சட்ட உதவி எண் 15100க்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்காடு அக்கா:
சரி ஐயா. பார் கவுன்சில் புகார் வேண்டவே வேண்டாமா?

பழைய குமாஸ்தா:
கொடுங்கள், ஆனால் கட்டு கைக்கு வந்த பிறகு. சென்னையில் இருக்கும் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு, வக்கீல்கள் சட்டம் 35வது பிரிவில். வாய்தா தேதிகள், பணம் கொடுத்த ரசீது, தபால் ஒப்புகை அட்டை எல்லாம் இணையுங்கள். ஒரு வருடத்தில் அவர்கள் புகாரை விசாரித்து முடிக்க வேண்டும், முடியாவிட்டால் டெல்லியில் இருக்கும் இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். அந்தப் புகாரால் தம்பி வழக்கு ஒரு நாள்கூட நிற்காது.