மூலப்பொருள் விலை மாதந்தோறும் மாறும்போது, ஒப்புக்கொண்ட விற்பனை விலையை எதுவரை காப்பாற்றுவது?

கேள்வி (அட்டைப்பெட்டித் தயாரிப்பாளர்)

அனைவருக்கும் வணக்கம். ஆண்டுத் தொடக்கத்தில் பேசிய விலைக்கே ஆண்டு முழுவதும் பெட்டி தருவதாக ஆறு வாடிக்கையாளர்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். காகித ஆலையின் விலைப்பட்டியலோ மாதம் ஒருமுறை மாறுகிறது. விற்பனை விலையை 100 என்று வைத்துக்கொண்டால், காகிதத்துக்கு 60, கூலி, வாடகை, மின்சாரத்துக்கு 30 போக 10 மிஞ்சிவந்தது. காகிதம் 10 விழுக்காடு ஏறியதும் அந்த 10 வெறும் 4 ஆகிவிடுகிறது. பழைய விலைக்கு வாங்கிய இரண்டு மாதச் சரக்கு கையிருப்பில் இருப்பதால், அது தீரும்வரை பொறுத்திருக்கலாமா? விலையை ஏற்றினால் நெடுநாள் வாடிக்கையாளர்கள் விலகிவிடுவார்களோ என்ற அச்சத்தில்தான் தயங்குகிறேன்.

மறுமொழி (கணக்காளர்)

ஐயா, கையிருப்புச் சரக்கு என்ன விலைக்கு வந்தது என்பதைவிட, அதே சரக்கை மறுபடி வாங்க என்ன ஆகும் என்பதே இப்போது உங்களுக்கு வேண்டிய கணக்கு. 60 வீதம் 100 கட்டு வாங்கிய பணத்தைக் கொண்டு 66 வீதம் வாங்கப் போனால் ஏறத்தாழ 91 கட்டுதான் கிடைக்கும். ஏட்டில் லாபம் தெரிய, கிடங்கு மட்டும் சுருங்கிக்கொண்டே வரும். பல சிறு தொழில்கள் நொடிப்பது இப்படித்தான்.

வாடிக்கையாளர் விலகுவார் என்ற அச்சத்தையும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்ன 30 விற்பனை குறைந்தாலும் குறையாத செலவு என்று கொண்டால், விலையை ஏற்றாதபோது ஒரு பெட்டியில் காகிதச் செலவு போக 34 நிற்கிறது. 106க்கு விற்றால் 40 நிற்கும். ஆகவே 100 பெட்டி விற்ற இடத்தில் 85 பெட்டி விற்றாலும் கைக்கு வரும் தொகை அதேதான். அதற்கும் கூடுதலாக ஆர்டர் போய்விடும் என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய ஏற்றத் தயங்க வேண்டாம்.

மறுமொழி (அச்சக உரிமையாளர்)

நானும் விலை ஏற்ற அஞ்சித்தான் ஒருமுறை, சொன்ன விலையைத் தொடாமல், கணக்கேடுகளுக்குப் போடும் காகிதத்தின் கனத்தை மட்டும் குறைத்தேன். வாடிக்கையாளர் ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பக்கத்துக் கோடுகள் அப்படியே முன்பக்கத்தில் தெரிந்தன. ஒன்றும் பேசாமல் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், பிறகு வரவே இல்லை. விலை ஏற்றத்தை அவர் பொறுத்திருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அதன்பின் என் விலைப்புள்ளிகள் 15 நாட்களுக்கு மட்டுமே செல்லும். ஆண்டு ஒப்பந்தமாக இருந்தால், காகித விலை 5 விழுக்காட்டுக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் அதற்கேற்ப விலை மாறும் என்று எழுதிவிடுகிறேன். இறங்கும்போது நாமாகவே குறைத்தால்தான் அந்த வரிக்கு மதிப்பு.

மறுமொழி (பொருளியல் ஆசிரியர்)

உங்கள் தயக்கம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. பொருளியலாளர் ஆலன் பிளைண்டர் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 200 நிறுவனங்களிடம் நேரில் விசாரித்தபோது, ஏறத்தாழ பாதி நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோதான் விலையை மாற்றுவதாகத் தெரியவந்தது. போட்டியாளர் முதலில் ஏற்றட்டும் என்று காத்திருப்பது அதற்கு அவர்கள் ஒப்புக்கொண்ட முதன்மையான காரணங்களுள் ஒன்று.

வாங்குபவர் மனம் எப்படி என்பதற்கு டேனியல் கானமன், ரிச்சர்ட் தேலர் உள்ளிட்டோர் 1986இல் வெளியிட்ட ஆய்வு உதவும். பனிப்புயலுக்கு மறுநாள் பனி அள்ளும் மண்வெட்டியின் விலையைக் கடைக்காரர் கூட்டுவது நியாயமற்றது என்று 82 விழுக்காட்டினர் கூறினர். ஆனால் கடைக்காரருக்கே செலவு கூடி, அதை ஈடுகட்ட அவர் விலை ஏற்றுவதைப் பெரும்பாலோர் நியாயம் என்றே ஏற்றனர். ஆகவே ஆலையின் பழைய, புதிய விலைப்பட்டியல்கள் இரண்டையும் வாடிக்கையாளர் முன் வைத்துப் பேசுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கையிருப்பைப் புதிய விலைக்கு மதிப்பிட்டுப் பார்த்தேன்; பொறுத்திருக்க இடமில்லை. ஆண்டு விலைக்கு வாக்குக் கொடுத்தவன் நான் என்பதால் ஒருதலையாக மாற்ற மாட்டேன். ஏற்கெனவே வந்த ஆர்டர்களைப் பழைய விலைக்கே முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆர்டர்களுக்கு 6 விழுக்காடு ஏற்றமும் 5 விழுக்காட்டு விதியும் கேட்கப்போகிறேன். ஆறு பேரிடமும் நேரில் சென்றே கேட்பதாக இருக்கிறேன்.