இது கேக்கா, கூட்டா?

நான்: நேற்று நம் குடும்பக் குழுவில் ஏன் படம் போடவில்லை என்று கேட்டவர்களுக்கு: அமெரிக்காவில் ஓவனில் சுடுகிற அந்தச் சோள பேக் குப்பைக்குப் போய்விட்டது. 45 நிமிடம் ஓவனில் இருந்தும், கரண்டியைத் தூக்கினால் போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது.

டாலஸ் அக்கா: என்ன மாவு போட்டாய்?

நான்: கார்ன் ஃப்ளோர். தம்பி வாங்கி வந்தான்.

தம்பி: நீ சீட்டில் எழுதியதைத்தானே வாங்கினேன்!

டாலஸ் அக்கா: வெள்ளையாக, விரலால் அழுத்தினால் கறுக் கறுக் என்றதா? அது வெறும் ஸ்டார்ச், கோபி மஞ்சூரியனுக்குப் போடுவோமே. நம்மூரில் கார்ன் ஃப்ளோர் என்றால் அதைத்தான் கொடுப்பார்கள். இங்கே அமெரிக்காவில் போடுவது மஞ்சளாக, ரவை மாதிரி இருக்கும் கார்ன் மீல். அதற்குக்கூடப் பாதிப் பேர் ஜிஃபி என்கிற ரெடி மிக்ஸ் டப்பாவைத்தான் உடைப்பார்கள், மாவு, சர்க்கரை, பேக்கிங் பவுடர் எல்லாம் அதிலேயே கலந்திருக்கும். நீ வடக்கே ரொட்டி சுடுகிற மஞ்சள் மக்காச்சோள மாவை வாங்கு. மக்கி ஆட்டா என்று கேள்.

பெரியம்மா: சர்க்கரையும் போடுகிறீர்கள், உப்பு, பச்சை மிளகாயும் போடுகிறீர்கள். இது கேக்கா, கூட்டா?

டாலஸ் அக்கா: கூட்டுதான் பெரியம்மா, வெட்டிப் பரிமாறுகிற கூட்டு 😄 நவம்பர் 4வது வியாழன் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று இங்கே வான்கோழிக்குப் பக்கத்தில் இதை வைப்பார்கள்.

சித்தப்பா: வான்கோழிக்கு எங்கே போவது. ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாமா?

நான்: அக்கா, அளவு சொல்லிவிட்டுத் தூங்குங்கள், அங்கே ராத்திரி 11.30 இருக்குமே.

டாலஸ் அக்கா: ஸ்வீட் கார்ன் 4 கதிர் உதிர்த்துக்கொள். பாதியை அரை கப் பால் விட்டுக் கொரகொரப்பாக அரை, மீதியை முழுசாகவே போடு, பல்லில் படும்போது பால் தெறிக்க வேண்டும், அதுதான் இதில் விஷயமே. அப்புறம் மஞ்சள் மாவு அரை கப், மைதா அரை கப், சர்க்கரை கால் கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், முட்டை 2, உருக்கிய வெண்ணெய் 100 கிராம். சவர் கிரீமுக்குப் (புளித்த கெட்டி கிரீம்) பதிலாகத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு முக்கால் கப் எடு. வெண்ணெய் உப்பு போட்டதா என்று பார்த்து உப்பைக் குறை. 180 டிகிரியில் 45 நிமிடம். ஓரம் சிவந்து, நடுவில் லேசாகத் தளும்பும்போதே எடுத்துவிடு, ஆற ஆற இறுகிவிடும்.

பெரியம்மா: முட்டை எனக்கு ஆகாது.

டாலஸ் அக்கா: உங்களுக்குத் தனிக் கிண்ணம் பெரியம்மா. முட்டைக்குப் பதில் கால் கப் தயிர் கூடுதலாக, ஒரு சிட்டிகை சமையல் சோடா. கொஞ்சம் உதிரும், ருசி போகாது.

சித்தப்பா: ஏசியை அணைத்துவிட்டு ஓவனைப் போடுங்கள். போன தடவை டிரிப் ஆகி நான்தான் மாடிப்படி இறங்கினேன்.

நான்: (படம்) வந்துவிட்டது! கீறினால் கத்தி சுத்தமாக வருகிறது. நாலு பச்சை மிளகாய் கீறிப் போட்டேன், மேலே மிளகுத்தூள்.

சித்தப்பா: மெரினாவில் சுட்ட சோளத்துக்குத் தேய்ப்பார்களே, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும், அதை மேலே போட்டுப் பார்த்தேன். இனிப்பு இன்னும் எடுப்பாகத் தெரிகிறது.

பெரியம்மா: என் கிண்ணம் காலி. ஆனால் சர்க்கரை ஒரு கரண்டி அதிகம்.

தம்பி: அந்த வெள்ளை மாவு அரைப் பாக்கெட் மிச்சம் இருக்கிறது.

நான்: காலிஃபிளவர் வாங்கி வா. சீட்டு வேண்டுமா?