விமானம் வாங்கும்போது நம் பக்கத் தரகர் தேவையா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். பழைய செஸ்னா 172 (ஒற்றை இன்ஜின் சின்ன விமானம்) ஒன்றின் மேல் கண் வைத்திருந்தேன். படங்களில் புது பெயின்ட், புது சீட், பளபளவென்று டிஜிட்டல் திரைகள். ஓவர்ஹாலுக்குப் (முழுக்கப் பிரித்துப் புதுப்பிப்பது) பிறகு இன்ஜின் 400 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது என்று விளம்பரம் சொன்னது. முன்பணம் அனுப்பாத குறைதான். என் மனைவிதான் கேட்டாள்: "வீடு வாங்கினா வக்கீல்கிட்ட பத்திரத்தைக் காட்டுறோம். இதை யார்கிட்ட காட்டப் போறீங்க?"

அப்படித்தான் வாங்குபவருக்காக மட்டும் வேலை பார்க்கும் ஏஜென்ட் ஒருவரைப் பிடித்தேன். அவர் படங்களைப் புரட்டக்கூட இல்லை. பறந்த மணி, பழுது எல்லாம் பதியும் லாக்புக் முழுவதையும், முதல் பக்கத்திலிருந்து, ஸ்கேன் செய்து கேட்டார். இரண்டு நாள் கழித்து போன்.

"400 மணி நேரம் சரிதான் சார். எத்தனை வருஷத்துல ஓடின 400 மணின்னு பாத்தீங்களா?"

18 வருஷம். அதிலும் கடைசி 6 வருஷத்தில் வெறும் 31 மணி நேரம்.

இதில் என்ன சிக்கல் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த லைகமிங் இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் மேடுகள் (கேம்) உள்ள தண்டான கேம்ஷாஃப்ட், புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் ஆயில் வடிந்து கீழே இறங்கிவிடும், ஈரக்காற்று பட்டுத் துரு பிடிக்கும். அப்புறம் ஓட்டும்போது அந்தத் துருப்பிடித்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். லைகமிங் நிறுவனமே 2000 மணி ஓடியதும் ஓவர்ஹால் என்று சொல்லிவிட்டு, அந்த மணிக்கணக்கு எட்டாவிட்டாலும் 12 வருஷத்தில் ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது. விளம்பரத்தில் மணிக்கணக்கு மட்டும்தான் வரும், வருஷக்கணக்கு வராது.

வாங்கும் முன் செய்யும் பரிசோதனையை விற்பவரின் வழக்கமான மெக்கானிக் செய்யக் கூடாது என்பதில் ஏஜென்ட் பிடிவாதமாக நின்றார். தன் வேலையைத் தானே குறை சொல்ல யார் வருவார்? வெளியிலிருந்து வந்தவர் முதலில் ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தை விரித்துக் காந்தத்தை ஓட்டினார். மீசை மயிர் அளவுக்கு மினுமினுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு சிலிண்டரைக் கழற்ற விற்பவர் ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆனது. கழற்றி டார்ச் அடித்தால், கேமின் மேடு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழிகள்.

வாங்கவில்லை. ஏஜென்டுக்குப் பேசிய கூலியை முழுதாகக் கொடுத்தேன். வாங்காத விமானத்துக்குக் கூலி கொடுத்தது கொஞ்சம் வலித்ததும் உண்மை.

—

உங்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. என் ஆள் சதவீதக் கமிஷன்காரர். வியாபாரம் முடிந்தால்தான் அவருக்குக் காசு. "இன்னொரு பார்ட்டி நாளைக்கே பணத்தோட வர்றாங்க" என்று மூன்று தடவை சொன்னார். லாக்புக்கில் "புரொப்பெல்லர் மாற்றப்பட்டது" என்று ஒற்றை வரி. ஏன் மாற்றினார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

வாங்கிய பிறகு முதல் வருடாந்திரச் சோதனையில் என் மெக்கானிக் கேட்டார். தோண்டிப் பார்த்தால், டாக்ஸியிங்கில் (தரையில் ஓட்டிச் செல்லும்போது) புரொப்பெல்லர் தரையில் இடித்திருக்கிறது. லைகமிங் இன்ஜினில் அப்படி இடித்தால் கிராங்க்ஷாஃப்டின் பின்பக்க கியரைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் 2004ஆம் ஆண்டு ஆணையே இருக்கிறது. பார்த்ததற்கான பதிவு எங்கேயும் இல்லை. இன்ஜினை இறக்கிப் பிரித்தோம், செலவு என் தலையில். விற்றவரிடமிருந்தும் என் ஏஜென்ட் ஒரு பங்கு வாங்கியிருந்தார் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது.

—

நாங்கள் நிறுவனத்துக்காகக் கிங் ஏர் 200 என்ற இரட்டை இன்ஜின் விமானம் வாங்கினோம். எங்கள் ஏஜென்ட் சம்பாதித்த இடம் இன்ஜின் இல்லை, வில்லங்கம். விமானங்கள் மேலுள்ள கடன், அடமானங்களைப் பதியும், 2001 கேப் டவுன் உடன்படிக்கையின் கீழ் வரும் சர்வதேசப் பதிவேட்டில் விமான உடலுக்கு ஒரு தேடல், இரண்டு இன்ஜின்களுக்கும் தனித்தனியாக ஒவ்வொரு தேடல். இன்ஜினை மட்டும் தனியாக அடமானம் வைக்கலாம் என்பதே எனக்குப் புதுச்செய்தி. உடலில் ஒன்றுமில்லை. வலது இன்ஜினில் பழைய கடன் ஒன்று, அடைத்தும் பதிவேட்டில் நீக்காமல் கிடந்தது. அதை நீக்கும்வரை பணம் எஸ்க்ரோவில்தான் (நடுநிலையான மூன்றாம் ஆளிடம்) இருந்தது. விற்பவருக்கு எங்கள் மேல் ஒரே கோபம்.

—

சின்ன விமானத்துக்கு ஏஜென்ட் வீண்செலவு என்பது என் கட்சி. அந்த ரகத்தையே வருஷக்கணக்காகப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் போதும். நான் வாங்கிய மூனி ரகச் சின்ன விமானத்தில் இறக்கைக்குள் இருக்கும் பெட்ரோல் டேங்கின் சீலன்ட் (கசிவை அடைக்கும் பூச்சு) போய்விட்டதை, இறக்கைக்கு அடியில் இருந்த, நீல நிறப் பெட்ரோல் கசிந்த கறையைப் பார்த்தே ஒருவர் சொல்லிவிட்டார். காபி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. இன்னொன்று: சிலிண்டரைக் கழற்றுவதைச் சாதாரணமாகச் சொல்கிறீர்கள். திரும்பப் பூட்டும்போது போல்ட் முறுக்கு பிசகினால் நல்ல இன்ஜினும் கெடும். விற்பவர் ஒரு வாரம் யோசித்ததில் தப்பே இல்லை.

—

முதலில் எழுதியவன்தான். சிலிண்டர் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஃபில்டரில் உலோகம் வராமல் இருந்திருந்தால் எங்கள் மெக்கானிக்கும் கழற்றியிருக்க மாட்டார். நல்ல மெக்கானிக் அமைந்தால் ஏஜென்ட் வேண்டாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அப்படி யாரையும் தெரியாது, அந்த மெக்கானிக்கைக் கண்டுபிடித்ததே ஏஜென்ட்தான்.

இரண்டாவதாக எழுதிய நண்பருக்கு: என் ஒப்பந்தத்தில் இரண்டே வரி முக்கியம். கூலி ஒரே தொகை, வாங்கினாலும் வாங்காவிட்டாலும். விற்பவரிடமோ அவருடைய தரகரிடமோ எதுவும் பெறுவதில்லை என்று கையெழுத்து. இரண்டாவது வரியைக் காட்டியதும் அதற்கு முன் நான் பேசிய ஒருவர் திரும்பக் கூப்பிடவே இல்லை.

அந்த 172 போன வாரம் மறுபடியும் விளம்பரத்தில் வந்திருக்கிறது. அதே படங்கள். "இன்ஜின் 402 மணி நேரம் மட்டுமே". இங்கே யாராவது பார்க்கப் போனால், சிலிண்டர் கழற்றிய பதிவு லாக்புக்கின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.